கும்பிடு முடக்கில் ஒரு சுவர்

"சேர், உங்கடை இனிமையான அனுபவங்களை ஒரு நாலு பக்கத்திலை எழுதித் தாங்கோ," என்று நிரோஷன் தொலைபேசியில் கேட்டார். நான் அப்போது மடத்துவெளி வீட்டு வேலிக்குக் கதியால் நட்டுக்கொண்டிருந்தேன். நிரோஷன் நான் வேலை செய்த வீதித் திணைக்களத்தின் இன்றைய பொறியியலாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியில் தொடங்கிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போகும் எங்கள் புங்குடுதீவு வீதிக்குக் 'கடலோரக் காட்சிப் பாதை' என்று புதுப் பெயர் வைத்துப் பலகை நடப்போகிறார்கள். அந்த விழாவுக்கு ஒரு மலர். மலரில் அந்த வீதியில் வேலை செய்த பழைய ஆட்களின் கட்டுரைகளும் வரவேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் இனிமை என்னிடம் இல்லை. இருப்பது கோபம். அதை நாலு பக்கத்தில் அடக்க முடியுமோ தெரியாது.

முப்பத்தாறு வருடம் அந்த வீதியில் வேலை செய்தேன். ஓவசியராகப் போய்த் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இளைப்பாறினேன். இன்று எல்லோரும் காட்சி, காட்சி என்கிறார்களே, அந்தக் காட்சியை ஒரு மனிதர் அடியடியாக அளந்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு நாடா பிடித்தவன் நான். நாங்கள் அளந்து காத்த வீதியில் எந்த இடத்தை யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்தோமோ, அந்த இடத்தை அடைத்து ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவர் அங்கே எழும்பியதற்கு முதற்காரணமும் நான்தான். இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

இடம் தெரியாதவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். இறுப்பிட்டிப் பக்கத்தால் வந்து இறங்குதுறைக்குப் போகும்போது வீதி ஓரிடத்தில் வளைந்து முடங்கும். அதுவரைக்கும் பனையும், ஆளில்லாத வளவுகளும், கூரை விழுந்த கல்வீடுகளும்தான். அந்த முடக்கில் கடல் முழுவதாகத் திறக்கும். அதற்கு அப்பால் நயினாதீவு அம்மன் கோபுரம் முதன்முதலாகக் கண்ணில் படும். விரலளவுதான் தெரியும். பஸ்ஸில் இருப்பவர்கள் பேச்சை விட்டுவிட்டுக் கைகூப்புவார்கள். சாரதி யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார். எங்கள் ஊராட்கள் அதைக் கும்பிடு முடக்கு என்பார்கள்.

வள்ளம் ஏறி அக்கரைக்குப் போக முடியாதவர்களுக்கு அந்த முடக்குத்தான் கோயில். செத்தவீட்டுத் துடக்கு உள்ளவர்கள் கோயிலுக்குள் போகமாட்டார்கள், ஆனால் முடக்குக்கு வருவார்கள். பாயோடு கிடந்து கொஞ்சம் தேறியவர்களை மகன்மார் கொண்டுவந்து வீதியோரத்தில் சாக்கு விரித்து இருத்துவார்கள். கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போவார்கள். கற்பூரம் கொளுத்திய கரி அங்குள்ள கற்களில் எப்போதும் இருக்கும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தார்ப் பீப்பாவுக்கு நெருப்பு மூட்டினேன், கிறவல் லொறிகளை எண்ணினேன், தாம்போதி மதகுகளுக்குள் இறங்கிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. பிறகுதான் கனகசூரியம் ஐயா எங்கள் பொறியியலாளராக வந்தார். நாங்கள் அவரைப் பெரியவர் என்றே சொல்வோம்.

பெரியவர் சத்தம் போடமாட்டார். கொண்டுபோன கடதாசியில் பிழை இருந்தால் அதை நாலாக மடித்து மேசையின் ஓரத்தில், கொண்டுபோனவன் பக்கமாக வைப்பார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். எடுத்துக்கொண்டு போய் நாங்களே தேட வேண்டும். ஒரு மதகுக்கு நான் வரைந்த படம் ஐந்து தரம் மடிபட்டு, மடிப்பிலேயே கிழிந்துவிட்டது. ஐந்தாம் தரம்தான் மதகின் வாய், மாரியில் கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே நிற்பதைக் கண்டுபிடித்தேன். அந்த மனிதரை அடித்தால் என்ன என்று யோசித்த நாட்கள் உண்டு.

வீதியை அகலமாக்கித் தார் போடத் திட்டம் வந்தபோது ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் எத்தினை வருசமா இந்த வீதியிலை போய்வாறீர்?"

"பிறந்தது தொட்டுத்தான் ஐயா."

"நடந்து போயிருப்பீர். சைக்கிளிலை போயிருப்பீர். இருந்து பாத்தனீரோ?"

எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் ஒரு ட்ராக்டர் பெட்டியோடு வந்து நின்றது. பெட்டிக்குள் கழிவு பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய இருக்கை. பஸ்ஸில் இருக்கும் உயரத்துக்குச் சரியாக வரும்படி பலகைகள் அடுக்கி, அதற்குமேல் இருக்கையை ஆணி அடித்து இறுக்கியிருந்தார். என்னை அதில் இருக்கச் சொன்னார். ட்ராக்டர் ஆள் நடக்கும் வேகத்தில் போகும். ஐம்பது அடிக்கு ஒருதரம் நிற்கும். எங்கள் தொழிலாளி சீமான்பிள்ளை அண்ணை, நல்ல உயரமான கடற்றொழில் வீட்டு மனிதர், அளவுத்தடியோடு கடற்கரைப் பக்கமாக நடந்துபோய் நிற்பார். தடியில் ஒரு சிவப்புத் துணி வளையத்தில் கோத்து, மேலே கீழே இழுக்கத்தக்கதாக இருக்கும். அவர் துணியை மெல்ல மெல்ல உயர்த்துவார். என் கண்ணுக்கு அந்தத் துணி கடலின் விளிம்பைத் தொடும் இடத்தில் நான் கையைத் தூக்க வேண்டும். அவர் அந்த உயரத்தை வாசித்துச் சொல்வார். பெரியவர் லெவல் கொப்பியில் எழுதுவார். அந்த உயரத்துக்கு மேல் அந்த இடத்தில் எது எழும்பினாலும் பஸ்ஸில் இருப்பவருக்குக் கடல் தெரியாது என்பது கணக்கு.

தாம்போதியில் தொடங்கி இறங்குதுறை வரை இப்படிப் போனோம். ஊர் சிரித்தது. கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது என்று வேலிக்கு மேலால் சொன்னார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து நாளாயிற்று. கும்பிடு முடக்குக்கு வந்தபோது, பெரியவர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, ட்ராக்டரிலிருந்து ஒரு பலகைக்கட்டையை எடுத்து வீதியோரத்தில் வைத்தார். குசினியில் தேங்காய் துருவும்போது இருக்கப் போட்டுக்கொள்ளும் கட்டை.

"இப்ப இதிலை இரும்."

"ஐயா, ஆர் வந்து வீதியிலை பலகைக்கட்டை போட்டு இருக்கப்போகினம்?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கோபம் அவ்வளவுதான்.

"சாக்கிலை இருத்தி வைச்சிருக்கினமே, அதுகள் எங்கை இருந்து பாக்குதுகள்? குந்தியிருக்கிற கிழவியள்? மாட்டுவண்டிலிலை படுத்துக்கொண்டு வாறவை? ஆகத் தாழ்ந்த கண்ணுக்குத் தெரியோணும் தம்பி. நிக்கிறவன் தன்ரை பாட்டிலை பாப்பான்."

இருந்தேன். சீமான்பிள்ளை அண்ணையின் சிவப்புத் துணி முழங்காலளவில் நின்றுவிட்டது. ஆகவே அந்த முடக்கில் கடற்பக்கமாக முழங்காலுக்கு மேல் எதுவும் எழும்பக்கூடாது என்று வரைபடத்தில் போட்டோம். எல்லைக்கு வெள்ளை பூசிய கற்கள் நட்டோம். கற்களும் முழங்காலுக்குக் கீழேதான்.

அளப்பது பத்து நாள் வேலை. காப்பதுதான் ஆயுள் வேலை. மின்சாரக் கம்பங்களைக் கடற்பக்கமாக நடக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரியவர் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு கடிதம் எழுதினார். கடைசியில் அலுத்துப்போய் அவர்களே எதிர்ப்பக்கம் நட்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்று சவுக்கு மரம் நட வந்தது. கடற்பக்கம் வேண்டாம் என்றதற்கு, மரம் நடவிடாத பொறியியலாளர் என்று ஊரெல்லாம் கதை. பெரியவர் அந்தக் கன்றுகளைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வளவில் தானே கிடங்கு வெட்டி நட்டுக்கொடுத்தார். சவர்க்காரக் கொம்பனி ஒன்றின் பெரிய விளம்பரத் தட்டியை நானும் சீமான்பிள்ளை அண்ணையும் பிடுங்கிச் சுருட்டிக் கந்தோரில் கொடுத்தோம். எங்களுக்கு ஏசிக் கடிதம் வந்தது. பெரியவர் அதை நாலாக மடித்து அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினார்.

பிறகு யுத்தம் வந்தது. தீவை விட்டு எல்லோரும் எடுபட்டு ஓடினோம். வரைபடச் சுருளையும் லெவல் கொப்பியையும் ஒரு தண்ணீர்க் குழாய்க்குள் வைத்து, இரண்டு வாயையும் மெழுகு உருக்கி அடைத்து, போன இடமெல்லாம் கொண்டு திரிந்தேன். பெரியவர் வெளிநாட்டில் மகளிடம் போனார். அங்கேயே காலமானார். போகும்போது எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று.

"கடதாசி இல்லாமல் அந்த முடக்கிலை ஒரு தடியும் நடவிடாதையும்."

ஊருக்குத் திரும்பி வந்தபோது வெள்ளைக் கற்களில் பாதிக்கு மேல் இல்லை. கொப்பியைப் பார்த்து அளந்து திரும்ப நட்டேன். கார்ப்பெட் வீதி வந்தது. தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வரும் பஸ்களும் அம்மனுக்கு வரும் பஸ்களும் வரிசை கட்டின. எல்லாப் பஸ்ஸும் அந்த முடக்கில் மெதுவாகும். வருடத்தில் எத்தனையோ பேர் தண்ணீர்த் தாங்கி, சிலை, கடை என்று கேட்டு வந்தார்கள். எல்லோரையும் கடதாசி கேட்டே துரத்தினேன். விண்ணப்பம், வரைபடம், கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் கடிதம் என்று சொல்லச் சொல்ல ஆட்கள் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

ஒரேயொரு ஆளிடம் நான் கடதாசி கேட்கவில்லை. அது மகேஸ்வரி அக்கா.

அக்கா இறுப்பிட்டி. என்னைவிட ஐந்தாறு வயது கூட. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. தையல் மெஷினுக்குக் கைச்சில்லுப் பூட்டித் தைத்துத் தன் சீவியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர். வாய் கொஞ்சம் பெரிது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேவன் என்ற ஓட்டோக்காரரோடு முடக்குக்கு வருவார். ஒரேயொரு தரம் அவரைத் திருவிழாவுக்கு வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கி வள்ளத்துக்குள் இறக்கினார்களாம். இறங்குதுறையில் அத்தனை சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. "மூட்டை மாதிரித் தூக்கினவங்கள். சீலை எங்கை போச்சு எண்டுகூட ஒருத்தரும் பாக்கேல்லை. அம்மாளைக் கும்பிட அந்தக் கோலத்திலை போகோணுமோ?" என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு முடக்கோடு சரி.

நான் இளைப்பாற மூன்று வருடம் இருக்கும்போது ஒரு வைகாசி மாத வெள்ளிக்கிழமை, வெயில் கொளுத்தியது. அக்கா ஓட்டோவை விட்டிறங்கிச் சக்கரக் கதிரையில் இருந்தார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கிறன். நாலு தடி, மேலை கொஞ்சக் கிடுகு, அது காணும். பக்கத்துக்கு ஒண்டும் வேண்டாம். நான் மட்டுமில்லை, எத்தினை கிழடு கட்டையள் இதிலை வெயிலுக்கை காயுதுகள்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அக்கா, ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள், திருவிழாக் காலத்துக்கு மட்டும் தற்காலிகம் என்று கையெழுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பெரியவர் இருந்தால் அக்காவிடமும் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அம்மனுக்குப் போகிறவர்களுக்கு நிழல் போடுகிற ஆளிடம், அதுவும் நடக்கமாட்டாத ஒரு பெண்ணிடம், கடதாசி கேட்பவன் மனிதனா என்று கேட்பார்கள். அந்தப் பழிக்குப் பயந்தேன்.

"போடுங்கோ அக்கா," என்றேன். அவ்வளவுதான். இரண்டு சொல்.

பந்தல் வந்தது. பக்கமெல்லாம் திறந்தபடிதான். திருவிழாவுக்கு இளைஞர்கள் அதில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றினார்கள். அடுத்த வருடம் கிடுகு போய்த் தகரம் வந்தது. அதற்கடுத்த வருடம் தரைக்குச் சீமெந்து வந்தது. கண்டேன். கண்ணை மறைக்கவில்லைத்தானே என்று பேசாமல் இருந்தேன். பிறகு எனக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஒன்று தந்து, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இளைப்பாறிச் சில வருடங்களின் பின், சென்ற ஆண்டு, தேவன் ஓட்டோவைக் கொண்டுவந்து என் படலையில் நிறுத்தினார். "அண்ணை, பந்தலைச் சுத்திக் கல் கொண்டந்து பறிச்சிருக்கு. மண்டபம் கட்டப் போகினமாம்," என்றார். போய்ப் பார்த்தேன். கடற்பக்கமாக அத்திவாரம் வெட்டியிருந்தது. என் வெள்ளைக் கற்களில் மூன்றைப் பிடுங்கி அத்திவாரத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள்.

கட்டுவிப்பவர் குணராசா. இளவயதில் சுவிஸுக்குப் போன எங்கள் ஊர்க்காரர். தாய் அங்கே காலமாகிவிட்டார், தாயின் பெயரில் மண்டபம். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அது பொய். மரியாதையான மனிதர். நிரோஷனின் கந்தோரில் வைத்துத்தான் சந்தித்தோம். நான் வரைபடச் சுருளைக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். அது சுருளாமல் இருக்க நிரோஷனின் தேநீர்க் கோப்பையை ஒரு மூலையில் வைத்தேன்.

"ஐயா, அம்மா கடைசி வரைக்கும் இந்த முடக்கைத்தான் சொல்லிக்கொண்டு கிடந்தவ," என்றார் குணராசா. "அதுதான் வேறை இடம் எனக்கு வேண்டாம்."

"மண்டபத்தை எதிர்ப்பக்கம் கட்டுங்கோ. ஆர் மறிக்கப்போறது?"

"எதிர்ப்பக்கம் கட்டினா முடக்கிலை கட்டின மாதிரி இருக்காதே ஐயா."

"சரி, கட்டுறியள். கடல்பக்கம் ஏன் சுவர்?"

"கச்சான் காத்துக்கு உப்புத் தூத்தல் அடிக்கும். வயசு போனதுகள் இருக்கேலாது. அந்தச் சுவரிலை கோபுரத்தை மாபிளிலை போடுவிக்கிறன். பத்தடி உயரம். உங்கை நிண்டு பாத்தா என்ன, விரலளவுதானே தெரியுது."

கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கோபுரத்தை மறைத்துச் சுவர் கட்டி, அந்தச் சுவரில் கோபுரத்தின் படத்தை ஒட்டும் புத்தி உலகத்தில் வேறு யாருக்கும் வராது. எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். பக்தியில் செய்கிறோம் என்று நினைத்தே செய்வார்கள். நான் அதைச் சொன்னேன், இவ்வளவு நாகரிகமாக இல்லை. குணராசா கோபிக்கவில்லை. "கடல் எங்கை ஐயா போகப்போகுது?" என்றார்.

நிரோஷன் அதுவரை கந்தோரின் கடிதக் கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், இந்த வரைபடம் எங்கடை கந்தோரிலை இல்லை."

"அதுக்குத்தானே நான் காவிக்கொண்டு திரிஞ்சனான். பாரும்."

"பாக்கிறன் சேர். ஆனா இது புதுக் கட்டிடமெண்டு சொல்ல ஏலாது. ஏற்கனவே பந்தல் இருந்த இடம். திருத்த வேலை எண்டுதான் வரும். பந்தலுக்கு ஆர் அனுமதி குடுத்தது எண்டு தேடினனான். கோவையிலை ஒரு துண்டும் இல்லை."



"நான்தான் குடுத்தனான். வாயாலை."

"அப்ப திணைக்களம் குடுத்ததுதானே சேர்," என்றார் நிரோஷன். நக்கலாகச் சொல்லவில்லை. மிகவும் பணிவாகத்தான் சொன்னார். முப்பத்தாறு வருடம் நான் மற்றவர்களிடம் கடதாசி கேட்ட அதே மேசையில், என்னிடம் கடதாசி இல்லாமல் இருந்தேன்.

கடைசியில் நிரோஷன் ஒரு வழி சொன்னார். சுவரில் ஒரு யன்னல் விடலாம், யன்னலுக்குள்ளால் கோபுரம் தெரியும், இரண்டு பக்கத்துக்கும் மனத்தாங்கல் இல்லை என்றார். எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்றுமில்லாததற்கு அதுவாவது என்று ஒப்புக்கொண்டேன். இந்த முறை வாயால் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், பழைய பலகைக்கட்டை இல்லாதபடியால் ஒரு கதிரையில் இருந்து அளந்து, யன்னலின் கீழ்விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி, படமும் கீறி, கையெழுத்து வைத்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நிரோஷனிடமும் ஒன்றைக் குணராசாவிடமும் கொடுத்தேன். நிரோஷன் அதைக் கோவையில் போட்டு எனக்கு முன்னாலேயே இலக்கமும் இட்டார்.

வேலை நடந்த மாதங்களில் முடக்கில் கல்லும் மண்ணும் குவிந்து கிடந்ததால் அக்கா வரவில்லை. ஒருநாள் இறுப்பிட்டியில் என்னைக் கண்டபோது சந்தோசப்பட்டார். "நாலு தடி கேட்டனான், மண்டபமே வரப்போகுது. உம்மடை வாய் நல்ல வாய் தம்பி," என்றார்.

மண்டபம் முடிந்தது. போய்ப் பார்த்தேன். நாடாவை எடுத்து அளந்தேன். யன்னலின் கீழ்விளிம்பு நாலரை அடி.

மேசனைக் கேட்டேன். "கீழை கல்வெட்டுப் பதிக்கோணுமாம் ஐயா. அந்த அம்மாவின்ரை படமும் பேரும். அதுக்கு இடம் காணாதெண்டு யன்னலை மேலை ஏத்தச் சொன்னவை," என்றார். நிரோஷனிடம் போனேன். என் கடதாசி இலக்கத்தோடு கோவையில் பத்திரமாக இருந்தது. அதை அவர் எடுத்துக் காட்டினார்.

"சின்ன மாற்றம்தானே சேர். நான் போய் நிண்டு பாத்தனான். நல்ல வடிவாக் கோபுரம் தெரியுது."

"நிண்டு பாத்தனீர்," என்றேன். அந்தக் கடதாசியை வாங்கி நாலாக மடித்து, மேசையின் ஓரத்தில் அவர் பக்கமாக வைத்தேன். அவர் அதை எடுத்து விரித்து, மடிப்பை நீவி, திரும்பக் கோவைக்குள் வைத்துவிட்டு, "நன்றி சேர்," என்றார்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போனேன், அக்கா வருவார் என்று தெரிந்ததால். வெளியில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பஸ் வந்தது. வழக்கம்போல மெதுவாகியது. உள்ளே இருந்தவர்கள் கைகூப்பினார்கள். மண்டபத்தின் வெளிச்சுவருக்கு. பஸ் அதைக் கடந்து வேகமெடுத்துப் போய்விட்டது.

தேவன் ஓட்டோவை நிறுத்தி அக்காவைச் சக்கரக் கதிரையில் இருத்தினார். மண்டபத்துக்கு ஏறச் சரிவுப்பாதை கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொள்ளப் பளபளக்கும் கம்பி, 'சக்கர நாற்காலியில் வருவோருக்காக' என்று ஒரு பலகை. அக்கா அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்தார். உள்ளே போனதும் மாபிள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"வடிவாத்தான் போட்டிருக்கினம்," என்றார். "இனி அம்மாளிட்டைக் கொண்டு போ தேவன்."

தேவன் என்னைப் பார்த்தார். நான் யன்னலைக் காட்டினேன். கதிரையைத் தள்ளிக்கொண்டுபோய் யன்னலுக்கு நேரே நிறுத்தினார். அக்காவின் முகத்துக்கு முன்னால் கல்வெட்டு இருந்தது. குணராசாவின் தாயார் பூவும் பொட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா கழுத்தை நீட்டினார். கதிரையின் இரண்டு கைப்பிடியையும் ஊன்றித் தன்னைக் கொஞ்சம் தூக்கினார். எட்டாமல், திரும்ப இருந்துவிட்டார்.

"என்ன அக்கா தெரியுது?" என்று தேவன் கேட்டார்.

"வானம்."

மண்டபத்துக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோகலாமா என்று பார்த்தேன். அத்திவாரத்துக்குப் போட்டு மிஞ்சிய கல் குவியலும், அதற்குக் கீழே கடலும். சக்கரம் உருள ஒரு முழம் இடமில்லை. வீதியின் எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோனாலும் மண்டபம்தான் தெரியும். முடக்கைத் தாண்டினால் கோபுரம் மரங்களுக்குப் பின்னால் போய்விடும். அந்த இடத்தைப் பலகைக்கட்டையில் இருந்து அளந்தவன் நான், எனக்குத் தெரியாதா.

தேவன் குனிந்தார். "நான் தூக்கிப் பிடிக்கட்டோ அக்கா? ஒரு நிமிசம். அண்ணையும் ஒரு கை குடுப்பார்."

அக்கா சீலைத் தலைப்பை இழுத்து மடியில் ஒதுக்கினார்.

"வேண்டாம். தூக்கித்தான் பாக்கோணுமெண்டா நான் வள்ளத்திலை போயிருப்பன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அவருக்கு யன்னலின் கதை தெரியாது, என் கடதாசியும் தெரியாது. பந்தலுக்கு நான் சரி சொன்னது மட்டும் தெரியும்.

"கிடுகு காணும் எண்டெல்லோ தம்பி நான் சொன்னனான்," என்றார்.

தேவன் சரிவுப்பாதையால் கதிரையை மெல்ல இறக்கினார். ஓட்டோ இறுப்பிட்டிப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை போய்விட்டது. அக்கா முடக்குக்கு வருவதில்லை.